ஒரே நாளில் பிறந்த ஊர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அது தொலைபேசியில் வந்தது. ஸ்டுட்கார்ட்டில் ஒரு சனிக்கிழமை காலை, ஆட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருந்தபோது பிளோறன்ஸ் எடுத்தார். மன்னார்ப் பெண்மணி. கோபம் வந்தால் அவருக்கு முதலில் சொல் வராது, மூச்சு மட்டும் கேட்கும். அன்றைக்கு மூச்சு நெடுநேரம் கேட்டது. அதற்குள் நான் கறிக்கு உப்புப் பார்த்துவிட்டேன்.

"அண்ணை, இவள் லவினியா வேலையை விடப்போறாளாம். ஏனெண்டு கேளுங்கோ. எப்பவோ செத்துப்போன ஸ்கொட்லாந்துச் சனத்துக்காக. எங்கட சனமும் இல்லை. கத்தோலிக்கச் சனமெண்டாலும் மனசு ஆறும். அதுவும் இல்லையாம்."

நீங்கள் கதை எழுதுகிற மனுசன், நாலு நல்ல சொல் சொல்லி அவளுடைய மனதை மாற்றுங்கோ என்றார். நான் ஓம் என்றேன். கதை எழுதுகிறவனிடம் ஒரு பிரச்சினையைக் கொடுத்தால் அவன் தீர்த்துவைப்பான் என்று நம்புகிறவர்கள் இன்னும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களை ஏமாற்ற மனம் வராது. ஆகவே நான் நாலு சொல் சொல்லவில்லை. இதை எழுத உட்கார்ந்தேன்.

விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், மர்மம் வைத்து எழுத எனக்கு இனி ஆயுள் போதாது. பிளோறன்ஸின் மகள் லவினியா, முப்பத்துநாலு வயது, ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவள். கார்ல்ஸ்ரூஹேயில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் பழைய கடிதங்களைப் பதிப்பிக்கும் வேலை. அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீளும். போட்டால், ஓர் ஊர்ச் சனத்தின் பெயர்கள் அந்தப் புத்தகத்திலிருந்து எடுக்கப்படும். போடாவிட்டால் வேலை போகும், பெயர்கள் அப்போதும் எடுக்கப்படலாம்.

அவ்வளவுதான் கதை. இனி நான் செய்யப்போவதெல்லாம் கோபப்படுவது.

2

தொடக்கங்கள்.

(அ) "எடின்பரோ நகரத்தின் மேல் பனிமூட்டம் கவிந்திருந்த அந்த மாலையில்," — வேண்டாம். நான் எடின்பரோவுக்குப் போனதில்லை. பனிமூட்டத்தில் தொடங்குகிறவர்கள் எல்லோரும் போகாதவர்கள்தான்.

(ஆ) "லவினியா தினமும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கார்ல்ஸ்ரூஹேக்கு ரயிலில் போய்வந்தாள். அந்த ரயில் நேரத்துக்கு வருவதில்லை. ஒருமுறை அது போய்ச் சேர்ந்தபோது, மாணவனாக ஏறிய ஒருவன் இறங்கும்போது ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது." — இது உண்மை. ஆனால் கதைக்குத் தேவையில்லை.

(இ) "வழக்கறிஞர் பிட்கெய்தி தன் வீங்கிய காலை ஒரு முக்காலியில் தூக்கிவைத்துக்கொண்டு, ஏழைகளின் சோம்பலைப் பற்றி நண்பருக்கு எழுதத் தொடங்கினா—"

இது நல்ல தொடக்கம். இங்கே நிறுத்தியது கோபத்தால். வயதால் அல்ல.

3

பிட்கெய்தி பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்தில், வழக்கறிஞர். டன்லாப் வடக்கே ஒரு மாவட்டத்துக்கு ஷெரிஃப். அந்த நாட்டில் அந்தக் காலத்தில் ஷெரிஃப் என்றால் நீதிபதியும் அவரே, அதிகாரியும் அவரே. கிளெனி பஞ்ச நிவாரணச் சபையின் செயலாளர், அவரும் சட்டம் படித்தவர். மூன்று பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே கட்சி. ஞாபகம் வைத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தால் மூன்று பேரையும் ஒரே ஆளாக வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அதை ஆட்சேபித்திருக்க மாட்டார்கள்.

இவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தன. பிட்கெய்தியின் பேத்தி பாடன் பக்கத்து வைத்தியர் ஒருவரைக் கலியாணம் கட்டி, சீதனத்தோடு தாத்தாவின் பெட்டியையும் கொண்டுவந்தாள் என்பது வரலாறு.*

லவினியா மூன்று வருஷமாக அந்தக் கையெழுத்தோடு குடித்தனம் நடத்தினாள். சில நாட்களில் ரயிலில் வரும்போது டன்லாப்பின் வளைந்த எழுத்துகள் யன்னலுக்கு வெளியே மின்கம்பிகளில் தொங்குவதுபோல் தெரியும். அவளுக்கு அவர்களை முதலில் பிடித்திருந்தது. நண்பருடைய கால்வீக்கத்தை அவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் ஆண்களை அவள் வேறெங்கும் கண்டதில்லை. கடிதம் ஒவ்வொன்றும் ஒரே மாதிரிதான். முதல் பக்கம் கால்வீக்கம். இரண்டாம் பக்கம் வானிலை. மூன்றாம் பக்கம் வேட்டை நாயின் குட்டிகள். கடைசியில், கையெழுத்துக்கும் கீழே, ஒரு பின்குறிப்பு: இன்னாருடைய மருமகனுக்குச் சுங்கத்தில் ஓர் இடம், இன்ன தொகுதியில் இன்னாரை நிறுத்துவது, இன்ன மனிதரை இடம் மாற்றுவது. நாட்டை அவர்கள் பின்குறிப்பில் ஆண்டார்கள்.

அதற்கும் கீழே ஒரு வரி: "வாசித்ததும் எரித்துவிடவும்."

ஒருவரும் எரிக்கவில்லை. அவர்கள் வழக்கறிஞர்கள் அல்லவா. எழுதியவர் அனுப்பும் முன் எழுத்தரைக் கொண்டு ஒரு பிரதி எடுத்துவைத்தார். பெற்றவர் மூலத்தைத் திகதிப்படி அடுக்கிவைத்தார். எரிக்கச் சொன்ன கடிதமெல்லாம் இரண்டிரண்டாக மிஞ்சியிருக்கிறது. இதைக் கண்டபோது லவினியா வாசிப்பறையில் வாய்விட்டுச் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

(* வரலாறு என்று எழுதியது நான். லவினியா சொன்னது, பெட்டி எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது என்பதே. கலியாணம் என்னுடைய யோசனை.)

4

அவள் சிரிப்பை நிறுத்திய கடிதத்துக்கு வருவோம்.

உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிய வருஷங்கள் அவை. டன்லாப்பின் மாவட்டத்தில், கடலோரத்தில், ஆர்ட்னகிளக் என்று ஓர் ஊர். (பெயரை மாற்றியிருக்கிறேன். அந்த ஊர் பட்டது போதும், என் கதையிலும் மாட்ட வேண்டாம்.) ஊர்ச் சனம் சேர்ந்து மாவு கேட்டு ஒரு மனு எழுதியது. மனு டன்லாப்பிடம் போனது. டன்லாப் அதைப் பிட்கெய்திக்கு அனுப்பி, கால்வீக்கத்துக்கும் நாய்க்குட்டிகளுக்கும் பிறகு எழுதினார்:

"மனு மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. வரிகள் நேராக இருக்கின்றன. மெய்யாகவே பசித்தவர்களால் இப்படி எழுத இயலாது. ஆகவே இவர்கள் பசித்தவர்கள் அல்லர்."

பிட்கெய்தி ஒத்துக்கொண்டார். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து போன வருஷம் வந்த மனுவில் பிழைகள் மலிந்திருந்ததையும், தங்கள் நிலைமையைத் தாங்களே ஒழுங்காக விளக்கத் தெரியாதவர்களை நம்ப முடியாது என்று அதை அப்போது தள்ளியதையும் நினைவூட்டினார். பிறகு பின்குறிப்பு. மாவு கொடுத்தால் பஞ்சம் இருப்பதாக ஆகும். பஞ்சம் இருந்தால் நிலத்துக்காரர் கவனிக்கவில்லை என்று ஆகும். நிலத்துக்காரர் நம் வேட்பாளரின் மாமனார். தேர்தல் வருகிறது. எரித்துவிடவும்.

கிளெனி சபையின் சார்பில் பதில் எழுதினார்: நடவடிக்கை தேவையில்லை. இந்த ஆண்டு காட்டுக்கோழி நன்றாகக் கிடைக்கிறது.

இந்த மனுவைப் பற்றி மூன்று பேரும் ஆளுக்காள் மாறி மாறி எழுதினார்கள். ஊர்ச் சனத்தை என்ன செய்வது, அவர்களுக்கு யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள், பள்ளிக்கூட வாத்தியாராக இருக்குமா, அப்படியானால் வாத்தியாரை எங்கே மாற்றுவது. லவினியா பெட்டி முழுவதும் தேடினாள். ஆர்ட்னகிளக்குக்கு என்று ஒரு கடிதம் இல்லை. அந்தச் சனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தச் சனத்துக்கு ஒருவரும் எழுதவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து அவள் தன் அப்பா சூசைதாசனிடம் டன்லாப்பின் வாக்கியத்தைச் சொன்னாள். சூசைதாசன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் அகதியாக வந்தவர், மோட்டார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசாதவர். தன்னுடைய முதல் அகதி விசாரணையில் சொன்ன திகதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அதிகாரிகள் தள்ளியதாகவும், அடுத்த முறை எல்லாத் திகதியையும் சரியாகச் சொன்னதற்குப் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்று எழுதியதாகவும் சொன்னார்.

"அவங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில படிச்சவங்களாக்கும்" என்றார். பிறகு தொலைக்காட்சியில் பந்துவிளையாட்டைப் பார்த்தார்.

5

இந்தப் பகுதியில் பிளோறன்ஸின் சமையல் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. அவர் வாசித்துவிட்டு மீண்டும் தொலைபேசி எடுத்தார். பகுதி முழுவதும் எடுக்கப்பட்டது.

6

இனி, பதிப்பு வேலையின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சலிப்பாக இருக்கும், ஆனால் இதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட பதிப்புகளில் கடிதங்களை மட்டும்தான் முழுதாக அச்சிடுவார்கள். கடிதத்தோடு சேர்த்து அனுப்பியது எதுவானாலும் அது இணைப்பு. இணைப்புக்கு ஒரே ஒரு வரி. அந்த ஊர் மனு புத்தகத்தில் இப்படி வரும்: "இணைப்பு: மனு, ஒரு தாள்." நாய்க்குட்டிகள் முழுதாக வரும்.

பெயர்ப் பதிவேடு என்று இன்னொன்று உண்டு. கடிதம் எழுதியவர், பெற்றவர், முக்கியமானவர் என்று கருதப்படுகிறவர் எல்லோருக்கும் பிறப்பு, இறப்பு, பதவி என்று ஒரு குறிப்பு. நாய்களுக்குத் தனிப் பதிவேடு வைக்கலாமா என்று ஒரு கூட்டத்தில் பேசினார்கள். மனுவில் பெயர் போட்ட சனம் கடிதம் எழுதியவர்களும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. முக்கியமானவர்களா என்று ஒருவரும் கேட்கவில்லை.

லவினியா கேட்காமலே அவர்களைப் பதிவேட்டில் சேர்த்தாள். முப்பது பேருக்குக் கிட்ட இருந்தார்கள்.

கணினி ஏற்க மறுத்தது. பிறந்த திகதி இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாது. அதைப் பராமரிப்பவள் யாமினி, கோயம்புத்தூர்ப் பெண், கார்ல்ஸ்ரூஹேக்குப் படிக்க வந்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவள். லவினியா அவளிடம் போனாள்.

"டேட் ஆஃப் பர்த் மேண்டேட்டரிங்க. எம்ப்டியா விட்டா சேவ் ஆகாது" என்றாள் யாமினி.

"செத்த சனத்திட்டப் போய்க் கேக்க ஏலாது, யாமினி. சுமாரான வருஷம் போட விடுமோ?"

"விடாது. டே, மந்த், இயர், மூணும் வேணும். எதாச்சும் ஒரு டேட் குடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்."

"ஆளுக்கொரு திகதி நான் கற்பனை பண்ணிப் போட்டால் அது பொய்."

"அப்ப எல்லாருக்கும் ஒரே டேட் போடுங்க" என்று யாமினி சிரித்தாள்.

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். லவினியாவுக்கு அது பகிடியாகவே படவில்லை. அவள் பிறந்த வீட்டில் அது வழக்கம்.

சூசைதாசன் வந்திறங்கியபோது கையில் ஒரு காகிதமும் இல்லை. பிறந்த திகதியை எழுதிக் காட்ட ஆவணம் இல்லாதவர்களுக்கு அதிகாரிகள் ஜனவரி முதலாம் திகதி என்று போட்டார்கள். அவரோடு அகதிகள் விடுதியில் இருந்த பலருக்கும் அதே திகதி. புதுவருஷம் பிறந்தால் விடுதியில் எல்லோருக்கும் பிறந்தநாள். விடுதிப் பொறுப்பாளர் இரக்கமுள்ளவர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கேக் செய்வித்தார். அதைக் கதவு வழியாகக் கொண்டுவர முடியாமல் சுவரை இடிக்க வேண்டியிருந்தது என்று நான் எழுதியிருந்தேன். லவினியா யன்னலைக் கழற்றியதாக மாற்றச் சொன்னாள். அவளுக்கு அவளுடைய அப்பா அப்படித்தான் சொன்னாராம்.

சின்ன வயதில் அவளுடைய மாமாமார் எல்லோருக்கும் ஜனவரி முதலாம் திகதிதான். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் கண்ட கண்ட மாதங்களில் பிறந்திருக்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டபோது, ஜெர்மன்காரரிடம் ஒழுங்கு இல்லை என்று அவள் நினைத்தாள்.

ஆகவே அவள் ஆர்ட்னகிளக் சனம் முழுவதுக்கும் ஒரே திகதி போட்டாள். ஆயிரத்து எண்ணூறு, ஜனவரி ஒன்று. பக்கத்தில் குறிப்புப் பெட்டியில், திகதி தெரியாது, அலுவலக வழக்கப்படி இடப்பட்டது என்று எழுதினாள். கணினி ஒவ்வொருவராக உள்ளே விட்டது.

ஜெர்மன்காரர் ஒருவர் இதைச் செய்திருக்க மாட்டார். ஸ்கொட்லாந்துக்காரரும் செய்திருக்க மாட்டார். காகிதம் இல்லாதவர்களின் பிறந்தநாள் இதுதான் என்று தெரிந்து வளர்ந்த ஒருத்திதான் செய்வாள்.

(இது நடந்தது. நான் சொல்கிற பொய்களில் இது இல்லை.)

7

இப்போது பேராசிரியர் வர வேண்டும்.

நான் முதலில் அவருக்கு ஒரு மீசையும் ஒரு கெட்ட சிரிப்பும் கொடுத்திருந்தேன். லவினியா தொலைபேசியில் வரைவை வாசித்துவிட்டு இரண்டையும் எடுக்கச் சொன்னாள். பேராசிரியர் ப்ரான்ட்ஷ்டெட்டர் நல்ல மனிதர் என்றாள். சூசைதாசனுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தபோது தினமும் விசாரித்தவர். அவள் வேலைக்கு விண்ணப்பித்தபோது, பெயரைப் பார்த்து யோசித்த மற்றவர்களிடம் அவளுக்காக வாதாடியவர்.

கெட்டவர் இல்லாமல் நான் எப்படிக் கோபப்படுவது என்று கேட்டேன்.

"டன்லாப்பும் நல்லவர்தான், மாமா. கால்வீக்கம் எல்லாம் விசாரிச்சவர்" என்றாள்.

மீசையை எடுத்துவிட்டேன்.

பேராசிரியர் ஆஹென் நகரத்தில் ஒரு மாநாட்டில் பேசப் போனார். நிறுவனத்தில் அவருக்கு வண்ண வண்ணமாக வரைபடங்கள் செய்து கொடுத்தார்கள்: யார் யாருக்கு எழுதினார்கள், யார் எப்போது பிறந்தார்கள். குறிப்புப் பெட்டியில் எழுதியவை வரைபடத்தில் வராது. பிறப்புக் கோடு தாழ்வாக, மெல்ல அலைந்து போய், ஆயிரத்து எண்ணூறின் முதல்நாளில் தேவாலயக் கோபுரம்போல் எழுந்து நின்றது.

சபையில் ஒரு கிழவி கையை உயர்த்தி, இது என்ன என்று கேட்டார்.

பேராசிரியருக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்லிப் பழகாதவர். புது நூற்றாண்டின் முதல் நாளில் பிள்ளை பெறுவதை ஒட்டுமொத்தச் சமூகமும் அதிர்ஷ்டமாகக் கருதியிருக்கலாம், இது கூட்டு நினைவின் அரிய சான்று என்று அந்த இடத்திலேயே ஒரு கொள்கை சொன்னார். சபை குறிப்பெடுத்தது. வந்திருந்த நிருபர் ஒருவர், ஒரே நாளில் பிறந்த ஊர் என்று தலைப்புப் போட்டு எழுதினார். நான் வாழ்நாளில் சொன்ன பொய்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி வைத்தாலும் அந்தக் கொள்கையின் உயரத்துக்கு வராது. எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

எடின்பரோவிலிருந்து யாரோ ஒருவர் எழுதிக் கேட்டபோதுதான் பேராசிரியர் பதிவேட்டைத் திறந்து பார்த்தார்.

அவர் லவினியாவைக் கூப்பிட்டுக் கத்தவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தேநீர் ஊற்றினார். அப்பாவின் முழங்காலை விசாரித்தார். பிறகு, இது தரவுகளைத் திரிப்பது, துறையில் இதற்கு மோசடி என்று பெயர் என்று மெதுவாகச் சொன்னார். இதைப் பற்றித் துறைத்தலைவரோடும் நிதி கொடுக்கும் அறக்கட்டளையோடும் தாம் எழுதிப் பேசிவிட்டதாகவும், அவர்கள் பெருந்தன்மையாக இருப்பதாகவும் சொன்னார். ஒரு தாளை மேசையில் வைத்தார். அதில் இருந்தது: "பதிவுகள் என் கவனக்குறைவால் நேர்ந்த பிழை, அவற்றை நீக்கச் சம்மதிக்கிறேன்." கீழே அவளுடைய பெயர், கையெழுத்துக்குக் கோடு. அதை வாங்கிக்கொண்டு ஒப்பந்தத்தை நீட்டுவார்களாம்.

கவனக்குறைவு இல்லை, யோசித்துத்தான் செய்தேன் என்றாள் லவினியா. திகதியைத் தெரியாது என்று மாற்றுங்கள், கணினியைத் திருத்துங்கள், பெயர்களை விடுங்கள் என்றாள்.

பேராசிரியர், பெயர்கள் விதிப்படி பதிவேட்டுக்கு உரியவை அல்ல, இது நம்முடைய தனிப்பட்ட உணர்ச்சிகளுக்கு இடமில்லாத துறை என்றார்.

அப்போது அவள் சொன்னதை நான் ஜெர்மன் மொழியிலிருந்து அப்படியே எழுதுகிறேன், அலங்காரம் எதுவும் சேர்க்கவில்லை:

"இது மோசடி என்றால் என் அப்பாவின் கடவுச்சீட்டும் மோசடி. அதை எழுதியது நான் இல்லை."

பேராசிரியர் முகம் சிவந்தது. அவர் மெய்யாகவே வருந்தினார் என்கிறாள் லவினியா. வருந்திக்கொண்டே தாளை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். திங்கட்கிழமை வரை யோசிக்கச் சொன்னார்.

8

முடிவுகள். நீங்கள் இவ்வளவு தூரம் வந்ததற்காக மூன்று தருகிறேன்.

முதலாவது. லவினியா கையெழுத்துப் போடுகிறாள். பிளோறன்ஸ் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறார். புத்தகம் வெளிவருகிறது, தோலட்டை, பொன்னெழுத்து. பிட்கெய்திக்கு ஒன்றரைப் பக்கக் குறிப்பு. வெளியீட்டு விழாவில் வைன் கொடுக்கிறார்கள். யாரோ ஒருவர் டன்லாப்பின் நாய்கள் மேல் கட்டுரை எழுதி முனைவர் பட்டம் பெறுகிறார். (இந்த முடிவு எந்தப் பத்திரிகைக்கும் பிடிக்கும், ஏனென்றால் இதில் ஒருவரும் குற்றவாளி இல்லை.)

இரண்டாவது. லவினியா கையெழுத்துப் போடவில்லை. தாளைக் கிழிக்கிறாள். செய்தி பரவுகிறது, பல்கலைக்கழகங்களில் எல்லாம் கண்டனம் எழுகிறது, பேராசிரியர் கண்ணீரோடு மன்னிப்— இல்லை. எவ்வளவு பொய் சொல்கிறவனுக்கும் ஓர் எல்லை உண்டு. ஓர் அடிக்குறிப்புக்காகக் கண்டனம் எழுந்ததை நான் கண்டதில்லை.

மூன்றாவது. திங்கட்கிழமை காலை ஆர்ட்னகிளக் சனம் முழுவதும் கார்ல்ஸ்ரூஹே ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறது. கம்பளிச் சால்வை, வெறுங்கால், உப்புக்காற்று வாசம். (ரயில் அவர்கள் காலத்திலேயே புறப்பட்டது, இப்போதுதான் வந்து சேர்ந்தது.) அவர்கள் வரிசையாக நிறுவனத்துக்குப் போய், இலக்கம் எடுத்து, காத்திருப்பு நாற்காலிகளில் இருக்கிறார்கள். பிறந்த திகதி என்ன என்று அலுவலர் கேட்கிறார். எல்லோரும் ஒரே குரலில் ஜனவரி ஒன்று என்கிறார்கள். அலுவலர் நிமிர்ந்து பார்த்து, அப்படியானால் நீங்கள் இங்கத்தைய ஆட்கள்தான் என்று கதவைத் திறந்துவிடுகி—

இந்த மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதைத்தான் லவினியாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

9

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் என் வீட்டுக்கு வந்தாள். குசினி மேசையில் இருந்து கேட்டாள். ரயில் வந்த இடத்தில் சிரித்தாள். வாசித்து முடிந்ததும் சிரிப்பு நின்றது.

"நல்லாயிருக்கு, மாமா. ஆனால் ஒண்டு கேக்கிறன். அம்மா உங்களுக்குப் போன் எடுத்தவா, என்னைப் பற்றிக் கதைக்க. பேராசிரியர் துறைத்தலைவருக்கு எழுதினவர், அவர் அறக்கட்டளைக்கு எழுதினவர், என்னைப் பற்றி. இப்ப நீங்கள் உங்கட வாசகருக்கு எழுதுறியள், என்னைப் பற்றி. நான் கையெழுத்துப் போடுறனோ இல்லையோ எண்டு ஆராவது என்னட்டக் கேட்டவையோ?"

நான் கையிலிருந்த தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

அவள் சொன்னது சரி. என் கோபத்தையெல்லாம் நான் பிட்கெய்தியின் மேலும் டன்லாப்பின் மேலும் கொட்டிக்கொண்டிருந்தேன். நானும் நீங்களும் இவ்வளவு நேரமாக என்ன செய்துகொண்டிருக்கிறோம்? ஒருத்தியின் வாழ்க்கையை நமக்குள்ளே எழுதி, அவள் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று விதமாகத் தீர்மானித்து, நடுவில் ரயிலையும் கேக்கையும் பற்றிப் பகிடி விட்டுக்கொண்டு. நம்மிடம் நாய்க்குட்டிகள் இல்லாததுதான் குறை. பெருமதிப்பிற்குரிய வாசகரே, உங்கள் கால்வீக்கம் எப்படி இருக்கிறது?

பிறகு நான் அவளிடம் கேட்டேன். அவள் பதில் சொன்னாள்.

அந்தப் பதிலை இங்கே எழுத மாட்டேன். அது பேராசிரியருக்கு உரியது, திங்கட்கிழமை அவருடைய அறையில் அவருடைய முகத்துக்கு நேரே சொல்லப்படும். உங்களுக்கும் எனக்கும் நடுவில் பின்குறிப்பாக ஓட அது விதிக்கப்படவில்லை. பிளோறன்ஸுக்கும் சொல்லவில்லை. அவர் என்னோடு இப்போது கதைப்பதில்லை.

போகும்போது லவினியா கதவடியில் நின்று கேட்டாள்.

"உங்கட கதைக்கு விதி ஏதும் இருக்கோ, மாமா? இணைப்புக்கு ஒரு வரிதான் எண்டு மாதிரி?"

அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

"அப்ப இதைப் போடுங்கோ. முழுசாப் போடுங்கோ. வெட்டாதேங்கோ."

அவள் தந்ததைத் தமிழில் எழுதுகிறேன். ஊரின் பெயரைத் தவிர இதில் என் கைச்சரக்கு ஒரு சொல்லும் இல்லை. கதைக்கு முடிவு வேண்டும் என்று இன்னும் காத்திருக்கிறவர்கள், இதை வாசித்துவிட்டு நீங்களே ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கு அனுப்ப வேண்டாம்.

இணைப்பு

ஷெரிஃப் அவர்களுக்கு ஆர்ட்னகிளக் ஊரவர் எழுதிக்கொள்வது.

கிழங்கு இரண்டாம் வருஷமும் அழுகிவிட்டது. விதைக்கு வைத்திருந்ததையும் உண்டுவிட்டோம். கடல் குழம்பிக் கிடப்பதால் வள்ளம் இறக்க முடியவில்லை. மட்டி பொறுக்கி உண்கிறோம், அதுவும் குறைந்துவிட்டது. பாதை போடும் வேலை தந்தால் செய்வோம், ஆனால் முதலில் உண்ண வேண்டும், வெறும் வயிற்றோடு போன டொனால்ட் மக்ஃபேல் பாதையிலேயே விழுந்துவிட்டான். நாங்கள் தருமம் கேட்கவில்லை. அறுவடை வரை மாவு கேட்கிறோம், அறுவடைக்குப் பின் திருப்பித் தருவோம். இதை எழுதியவள் நான், எஃபி மக்ஃபேல், போதகர் வீட்டில் வேலைசெய்தபோது எழுதப் படித்தேன். மற்றவர்கள் தங்கள் பெயரைச் சொல்ல நான் எழுதுகிறேன்.

கறுத்த டொனால்டின் கைம்பெண் மோராக். சிவப்பு டொனால்ட். அவன் தம்பி கால்ம். வள்ளக்காரன் இயூன், மனைவி கேர்ஸ்டி, தாய். நெசவுக்கார நீல். நொண்டி நீல். ஆற்றடி மேரி, பிள்ளைகள் ஐவர். குன்றடி மேரி, பிள்ளைகள் இல்லை இப்போது. கொல்லன் அங்கஸ். அங்கஸின் மாமியார், பெயர் சொல்ல மறுக்கிறார், ஆனால் பசிக்கிறது என்கிறார். பீட்டன் சகோதரிகள் மூவர். ஆடு மேய்க்கும் ரோரி. ரோரியின் அப்பா, படுக்கையில். ஃபின்லே, மனைவி உனா, உனாவின் வயிற்றில் உள்ளது. பாடகன் லாக்லன். கடைசி வீட்டு ஷீனா.

நாங்கள் எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம். எங்களைப் பற்றி மற்றவர்களிடம் விசாரிக்க வேண்டியதில்லை. பதில் எழுதினால் எங்கள் பெயருக்கே எழுதுங்கள்.